பழுது பார்ப்பதா? மாற்றுவதா?

வீட்டில் ஒரு பொருள் கெட்டுவிட்டால் அதனைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வதா, அன்றிப் புதியதொன்று வாங்கிவிடுவதா என்னும் வினா மிகச் சிறியதாகவே எவர்க்கும் தோன்றும். இதற்கொரு கட்டுரையும் வேண்டுமோ என்று வாசக அன்பர்கள் எண்ணினால் அவர்கள்மீது குறையில்லை. முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு அரபு இலக்கணமும் ஃபிக்ஹு நூல்களும் ஓதிக்கொடுத்து வரும் நாம், நம் அடுக்களையில் இருந்த ஓர் எரிவாயு அடுப்பின் முன்னே விடை காண மாட்டாமல் ஈராண்டுக் காலம் நின்றோம். 'நின்றோம்' என்பதும் பிழை. நின்றவர் நம் துணைவியார். நாம் அமர்ந்திருந்தோம், அமர்ந்த இடத்திலிருந்தே தீர்ப்பும் கூறிக்கொண்டிருந்தோம்.

அவ்வடுப்பு 1999ஆம் ஆண்டு வாங்கப்பட்டது. இரண்டு பர்னர்கள், எவர்சில்வர் மேற்பரப்பு, ஐ.எஸ்.ஐ. முத்திரை. நம் பிள்ளைகள் மூவரும் அதில் காய்ச்சிய பாலைக் குடித்தே வளர்ந்தனர். முதற்குறை எப்போது வந்தது என்பது நினைவில் இல்லை. கால்களின் அடியிலிருந்த ரப்பர்கள் கழன்றன. ஓட்டுத் துண்டு வைத்துச் சமன் செய்தோம். பாத்திரம் தாங்கும் வளையத்தில் ஒரு கரம் ஒடிந்தது. பற்றவைத்து வாங்கி வந்தோம். வலப்பக்கச் சுடர் நீலம் மாறி மஞ்சளாயிற்று. சட்டிகளின் அடியில் கரி பிடித்தது. தேய்த்தால் போய்விடும் என்றோம். தேய்த்தவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு இடப்பக்கத் திருகு இறுகிக்கொண்டது. ஒரு நாள் அதன் குமிழ் உடைந்து கையோடு வந்துவிட்டது. அன்று முதல் அடுப்பின் அருகே ஒரு குறடு இடம்பெற்றது. காலைத் தேநீர் முதல் இரவு ஆணம் சூடாக்குவது வரை, அக்குறட்டால் தண்டைப் பற்றித் திருகினால்தான் நெருப்பு வரும், திருகினால்தான் அணையும்.

'புதுசு ஒன்று வாங்கலாமே' என்று அவர் இரண்டொரு முறை சொன்னதுண்டு. 'எரிகிறதல்லவா? எரியும் அடுப்பை எறிவது வீண் விரயம் ஆகாதா?' என்று நாம் மறுமொழி கூறினோம். அப்படிக் கூறுகையில் நமக்கு ஓர் இன்பம் இருந்தது. அதனை இப்போது ஒளிப்பதில் பயனில்லை.

நம் கொள்கை தவறானதென்று இன்றும் நாம் எண்ணவில்லை. நல்ல நிலையிலுள்ள பொருளை நிறம் பழையதாயிற்று என்பதற்காக எறிபவர் பெருகிவிட்டனர். பண்டிகை வந்தால் 'பழையதைக் கொடுத்துப் புதியதைப் பெறுக' என்று கடைகள் அழைக்கின்றன. அண்டை வீட்டில் கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்பு வந்துவிட்டது என்பதொன்றே இந்த வீட்டு அடுப்பு கிழடாவதற்குப் போதுமானதாக இருக்கிறது. இஸ்ராஃப் என்னும் வரம்பு கடந்த செலவை நம் மார்க்கம் கண்டிக்கின்றது. அதே மூச்சில் கஞ்சத்தனத்தையும் கண்டிக்கின்றது என்பதை மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கும் நாம், நம்மை எப்பக்கத்தில் வைத்துப் பார்த்தோம் என்பதே கேள்வி. ஊதாரியைக் காண்பது எளிது. அவன் வீட்டு வாசலில் அட்டைப்பெட்டி கிடக்கும். கஞ்சன் தன்னைச் சிக்கனக்காரன் என்றே அழைத்துக்கொள்வதால் அவனை அவனே கண்டுகொள்வது அரிது.

நமக்குத் துணையாக ஒரு நூலும் இருந்தது. நம் கடற்கரை ஊர்களின் மதரஸாக்களில் ஓதப்பெறும் 'மின்ஹாஜ்' நூலில், இமாம் நவவி (மறைவு ஹிஜ்ரி 676, கி.பி. 1277) வக்ஃபுப் பாடத்தினிடையே ஒரு சிறு செய்தியைப் பேசுகிறார். வக்ஃபுப் பொருளை விற்றலாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கண்டிப்பான நிலை. ஆயினும் நைந்துபோன பள்ளிவாசல் பாய்களையும், முறிந்து எரிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாத உத்தரங்களையும் விற்கலாம் என்னும் கருத்தையே அவர் வலுவானதாகக் கொள்கிறார். பின்வந்த உரைகாரர்களோ, அம்முறிந்த மரத்தைப் பலகையாகவோ கதவாகவோ ஆக்கிக்கொள்ள முடியுமாயின் விற்பது கூடாதென்று மேலும் இறுக்குகின்றனர். ஒரு பொருள் கிழடாயிற்றா என்பது கேள்வியன்று. அதனால் இன்னும் ஏதேனும் பயன் எஞ்சியிருக்கிறதா என்பதே கேள்வி என்று இதிலிருந்து நாம் எடுத்துக்கொண்டோம். எரிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாத மரத்தைத்தானே விற்கலாம்? அடுப்போ எரிப்பதற்கென்றே பிறந்தது. அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது! நண்பர் ஒருவரிடம் இதனைச் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

அச்சிரிப்பில் விடுபட்டது ஒன்றுண்டு. நைந்த பாய் எவரையும் சுடுவதில்லை. மிஞ்சிப்போனால் ஸஜ்தா செய்பவரின் நெற்றியில் கோரையின் தடம் பதியும். முறிந்து கீழே கிடக்கும் உத்தரமும் அவ்வாறே. ஆனால் முறிவதற்கு முன், தலைக்கு மேலே விரிசல் விட்டு நிற்கும் உத்தரத்தை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. அதன் கீழே ஜமாஅத்தை நிறுத்திவைத்துவிட்டு, இதில் இன்னும் எவ்வளவு பயன் எஞ்சியிருக்கிறது என்று எந்த முத்தவல்லியும் ஆராய்ந்துகொண்டிரார். எஞ்சிய பயனைப் பேசும் மஸ்அலாவை, எஞ்சிய ஆபத்தைப் பேச வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்தோம். நூல் பிழை செய்யவில்லை.

ஒரு நோன்பு மாதத்தில், மஃரிபுக்குச் சற்று முன்னே அது நிகழ்ந்தது. கஞ்சி இறக்கியாகிவிட்டது, பொரிப்பதற்கு எண்ணெய் வைக்க வேண்டும். குறட்டால் திருகியபோது தண்டு சுழன்றதேயன்றி அடைக்கவும் இல்லை, ஒழுங்காகத் திறக்கவும் இல்லை. தண்டைச் சுற்றிக் கசிந்த வாயு பக்கத்துச் சுடரில் பற்றிக்கொண்டு தட்டின் அடியில் ஓடிற்று. அவர் குனிந்து உருளையின் ரெகுலேட்டரை அடைத்துவிட்டார். எல்லாம் நான்கைந்து நொடிகளில் முடிந்தது. வலக்கை மணிக்கட்டில் ஒரு விரல் நீளத்திற்குக் கொப்பளம். நாம் ஓடிச் சென்றபோது, 'பாங்கு சொல்லப் போகுது, நீங்க நோன்பு திறங்க' என்றார். கையில் குழாய்த்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இரவில், தராவீஹ் முடிந்து வந்த பின்பு, கோபம் எதுவுமின்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: 'சிக்கனம் உங்களுக்கு, சூடு எனக்கு.'

மறுநாள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனோம். அங்கே சந்து ஒன்றில் அடுப்புப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். பம்ப் ஸ்டவ் காலத்திலிருந்து அதே இடம், அதே முக்காலி. அடுப்பைக் கவிழ்த்துப் போட்டு நெடுநேரம் பார்த்தார். தமிழில் இத்தொழிலுக்குப் 'பழுது பார்த்தல்' என்றல்லவா பெயர்! பழுதைக் காண்பதுதான் முதல் வேலை என்பதைச் சொல்லே சொல்லிவைத்திருக்கிறது. ஈராண்டுகளாகப் பழுது பார்த்துக்கொள்ளலாம் என்று பேசி வந்த நாம் அவ்வடுப்பின் அடிப்பாகத்தை ஒரு முறையேனும் பார்த்ததில்லை.

அவர் காட்டிய பாடத்தை நம் சொற்களில் தருகிறோம். பாத்திரத்தைத் தாங்கும் உறுப்புகள் சில: வளையம், தட்டு, கால். இவை ஒடிந்தால் பற்றவைக்கலாம், வளைந்தால் நிமிர்த்தலாம், கம்பி வைத்துக் கட்டினாலும் பாதகமில்லை. நெருப்பை உண்டாக்கும் உறுப்புகள் சில: பித்தளை பர்னர், அதன் கீழுள்ள கலவைக் குழல், வாயு சீறி வரும் ஊசித்துளையுள்ள நாசில். சுடர் மஞ்சளாவது காற்று போதுமான அளவு சேரவில்லை என்பதற்கு அடையாளம். துளைகளில் பொங்கிய பாலும் எண்ணெயும் அடைத்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் நீலம் திரும்பிவிடும். ஆனால் நாசிலின் துளையை ஊக்கு கொண்டு குத்தலாகாது. துளை சற்றே பெரிதானாலும் வாயு கூடுதலாக வந்து காற்றின் கணக்கைக் கெடுத்துவிடும். நம் வலப்பக்க நாசிலைப் பார்த்தவுடன், 'யாரோ ஊசி போட்டிருக்கிறார்களே' என்றார். நாம்தாம் அந்த யாரோ.

மூன்றாவது வகை, வாயுவை அடைத்து வைத்திருக்கும் உறுப்புகள்: திருகும் வால்வு, உள்ளே கிடக்கும் இரும்புக் குழாய், உருளையிலிருந்து வரும் ரப்பர் டியூப். வால்வு இறுகிப்போனால், உள்ளிருக்கும் கிரீஸ் சூட்டில் உலர்ந்துவிட்டதென்று பொருள். தொடக்கத்திலேயே கொண்டுவந்திருந்தால் கழற்றித் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸ் வைத்து, ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பாராம். குறடு போட்டு முறுக்கியதில் உட்பகுதி தேய்ந்துவிட்டது. டியூபை ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டுமென்று எண்ணெய் நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன; நம்முடையதில் அச்சிட்டிருந்த ஆண்டைக் காட்டி அவர் விரல்களை மடக்கினார்: எட்டு. இவ்விரண்டையும் கூட மாற்றிவிடலாம். ஆனால் வால்வுகள் பொருத்தப்பட்ட குழாயே துருவால் அரித்துப் பொரிந்திருந்தது. 'ஹஜ்ரத், இதை நான் தொடமாட்டேன். பற்றவைத்துக் கொடுத்தால் நீங்கள் கூலி தருவீர்கள். எனக்குத் தூக்கம் வராது' என்றார்.

வாயு கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்குமே என்று கேட்டோம். இயல்பில் மணமில்லாத அவ்வாயுவில் எதைல் மெர்கப்டான் என்னும் பொருளைக் கலந்து அனுப்புவது அதற்காகத்தான். ஆனால் சிறிது சிறிதாக நாள்தோறும் முகர்ந்துகொண்டிருப்பவரின் மூக்கு பழகிவிடுகிறது. வாயுவோ காற்றினும் கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு படிந்து நிற்கும். சென்ற ஆண்டு வந்திருந்த நம் மகள் அடுக்களைக்குள் நுழைந்ததுமே, 'என்ன உம்மா, கேஸ் வாடை' என்று கேட்டதும், 'இப்போதுதான் பற்றவைத்தேன்' என்று அவர் சொன்னதும் அப்போது நம் நினைவுக்கு வந்தன.

வீடு திரும்பும் வழியில் நம்மை வாட்டியது வேறொன்று. சாட்சியம் பற்றிய பாடத்தில் ஒரு விதி உண்டு: எவருடைய சாட்சியம் அவருக்கே ஆதாயம் தேடித் தருகிறதோ அவருடைய சாட்சியம் ஏற்கப்படாது. இவ்விதியை அடுப்புக் கடைக்காரர்மீது நாம் எப்போதோ பொருத்திவிட்டோம். அவர் 'மாற்றுங்கள்' என்பார். அதில் அவருக்கு இலாபம். எனவே அவர் சொல் தள்ளுபடி. பழுது பார்ப்பவர் 'சரி செய்யலாம்' என்றால் அதிலும் அவருக்குக் கூலி உண்டு. அவர் 'செய்யமாட்டேன்' என்றபோதோ தன் ஆதாயத்திற்கு எதிராகச் சாட்சி சொன்னார். ஆகவே தயங்காமல் ஏற்றோம். இதுவரை எல்லாம் சரி. ஆனால் 'பழைய அடுப்பே போதும்' என்று ஈராண்டுகள் சாட்சி சொன்ன நாம் யார்? அதில் மிச்சமான பணம் நம் பையிலன்றோ இருந்தது? நல்லவன் என்ற பெயரும் நமக்கே கிடைத்தது. ஆதாயமுள்ள சாட்சி என்று எல்லோரையும் விசாரித்த நாம் நம்மை மட்டும் கூண்டில் ஏற்றவில்லை. விசாரிக்கப்படாமலேயே விடப்பட்ட சாட்சி ஒருவர் இருந்தார். நாளொன்றுக்கு மூன்று வேளை அந்தத் திருகைத் தொட்டவர் அவர்.

பணக் கணக்கிலும் நாம் தோற்றிருந்தோம். இந்தியத் தர நிர்ணயப்படி வீட்டு எரிவாயு அடுப்பு ஒன்று, எரியும் வாயுவின் வெப்பத்தில் குறைந்தது 68 விழுக்காட்டையேனும் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். அது 58 ஆகக் குறைந்துவிட்டதென்று ஒரு கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். 34 நாள் வரவேண்டிய 14.2 கிலோ உருளை 29 நாளில் தீர்ந்துவிடும். மஞ்சள் சுடர் சட்டியில் ஒட்டிய கரி நாம் காசு கொடுத்து வாங்கிய வாயுவே. அரைகுறையாக எரிவதில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சும் பிறக்கிறது. விரயத்திற்கு அஞ்சி விரயத்தையே வளர்த்தோம். ஆயினும் இக்கணக்கைப் பெரிதாக்க நமக்கு விருப்பமில்லை. அடுப்பு ஒரு துளி வாயுவையும் வீணாக்காமல் இருந்திருந்தாலும் அந்தக் கொப்பளம் கொப்பளமே.

நம் உம்மாவின் அடுப்பு நினைவுக்கு வருகிறது. களிமண்ணில் உமி கலந்து பிசைந்து அவர்களே தம் கையால் போட்ட விறகடுப்பு. வாரம் ஒரு முறை விரிசல்களை ஈர மண்ணால் பூசுவார்கள். குமிழ் ஒன்று உடைந்தால் அன்றே புதுக் குமிழ் வைப்பார்கள். மாற்றுவதா பழுது பார்ப்பதா என்ற வினாவே அங்கே எழவில்லை. சமைப்பவரும் பழுது பார்ப்பவரும் முடிவு செய்பவரும் ஒருவரே. (புகையை மறந்துவிட்டு அக்காலத்தைப் புகழ நாம் முன்வரவில்லை. உம்மாவின் கண்கள் அதற்குச் சாட்சி.) அதன் பின் பித்தளை பம்ப் ஸ்டவ் வந்தது. சுவீடன் நாட்டு லிண்ட்குவிஸ்ட் 1892இல் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் வழிவந்தது அது. தோல் வாஷரும் நிப்பிளும் மாற்றுவதற்குத் தெருவில் ஆள் வருவார். காசு கொடுப்பவர் வாப்பா. முடிவு அடுக்களையை விட்டு வெளித்திண்ணைக்கு வந்தது அப்போதுதான். எரிவாயு வந்த பிறகு அது கடைத்தெருவுக்கே போய்விட்டது. இன்று நெருப்பின் முன் நிற்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் ஒருவர், உள்ளே என்ன இருக்கிறதென்று அறிந்தவர் மற்றொருவர்.

பம்ப் ஸ்டவ் காலத்தில் 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் மரணம்' என்ற செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி படித்திருக்கிறோம். அவற்றுள் சில உண்மையான விபத்துகள். வேறு சிலவற்றில் வெடித்தது ஸ்டவ் அன்று, வரதட்சணை. 1983இல் 498 ஏ பிரிவும், 1986இல் 304 பி பிரிவும் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்படும் அளவுக்கு அக்கொடுமை வளர்ந்திருந்தது. நம் வீட்டுக் குறட்டை அந்தக் கொடுமையோடு ஒப்பிடுவது மிகை. ஆனால் அச்செய்திகளைப் படித்தபோது, அந்த ஸ்டவ்வுக்கு வாஷர் போட வேண்டுமென்று அப்பெண் எத்தனை நாள் கேட்டிருப்பாள் என்று நாம் ஒரு போதும் நினைத்ததில்லை என்பது இப்போது உறைக்கிறது.

புதிய அடுப்பு வாங்குவதென்று முடிவாயிற்று. இனி, பழையதை என்ன செய்வது? நம் வீட்டில் உதவிக்கு வரும் பெண்மணிக்குக் கொடுத்துவிடலாம் என்று முதலில் தோன்றியது. தர்மமும் ஆயிற்று, விரயமும் இல்லை என்று மனம் உடனே கணக்கு முடித்தது. தமிழக அரசு 2007இல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியபோது அவருக்கும் ஒன்று கிடைத்தது. அதுதான் அவர் வீட்டில் இன்றும் எரிகிறது. நாம் சொல்வதற்கு முன் அவரே கேட்டுவிட்டார். துருவைப் பற்றிச் சொன்னோம். 'எரியுதுல்ல ஹஜ்ரத்து? அது போதும்' என்றார். நம்முடைய வாதத்தை நம் காதாலேயே கேட்டோம்.

நம்மிடமிருந்து அவர் கற்றதில்லை அது, இல்லாமை கற்றுக்கொடுத்தது. அதே சொல் நம் வாயில் வரும்போது விருப்பம். அவர் வாயில் வரும்போது வேறு வழியின்மை. கேட்டவருக்குக் கொடுக்காமல் இருப்பது நமக்கு எளிதாக இல்லை. ஆனால் ஒருவருக்கு வரும் கேட்டை மற்றொருவர்மேல் நகர்த்திவிடுவது கேட்டை நீக்கியதாகாது என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த அடிப்படைகளுள் ஒன்று. அடுக்களையில் துணைவியாரின் சொல் அதனினும் சுருக்கமாக இருந்தது: 'என் கையைச் சுட்டது அவள் கையைச் சுடாதா?'

கண்ணாடி மேற்பரப்புள்ள மூன்று பர்னர் அடுப்பு ஒன்றைக் கடையில் பார்த்து வைத்திருந்தோம். அதனை விட்டுவிட்டு இரண்டு பர்னர் உள்ள எளிய அடுப்பை வாங்கினோம். மிஞ்சிய தொகையோடு அந்தப் பெண்மணியின் அடுப்பையும் நம் பழைய அடுப்பையும் சந்துக்கு எடுத்துச் சென்றோம். முதியவர் இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தார். அவருடையது மேலே பார்க்க நம்முடையதைவிடக் கேவலமாக இருந்தது. தட்டு ஓட்டை, ஒரு கால் இல்லை. உள்ளே குழாயோ பழுதற்றிருந்தது. 'இது இன்னும் பத்து வருஷம் ஓடும்' என்றார். இரண்டு வால்வுகளும் டியூபும் புதிதாகப் போட்டார். நம் அடுப்பின் பித்தளை பர்னர்களில் ஒன்று அதற்குப் பொருந்தியது. மற்றொன்று பொருந்தவில்லை, அதனைக் கூலியில் கழித்துக்கொண்டார். நம் பழைய டியூபை, எவரும் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி நான்கு துண்டாக நறுக்கி எறிந்தார். நம்மை மறுத்த கை அவருடையதைச் செப்பனிட்டது. அரபு மொழியில் செப்பனிடுதலுக்கும், பிணங்கிய இருவரைச் சேர்த்துவைப்பதற்கும் 'இஸ்லாஹ்' என்ற ஒரே சொல்தான்.

வெற்றுடல் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. சென்னையில் இதனைக் காயலான் கடை என்பர். காயல்பட்டினத்தார் அவ்வணிகத்தில் ஈடுபட்டதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். நம்மவர்க்குப் பழையதை மதிக்கத் தெரியாதென்று எவரும் சொல்ல முடியாது!

புதிய அடுப்பு வந்து இப்போது ஓராண்டு நிறைந்துவிட்டது. சென்ற வாரம் மதரஸாவிலிருந்து திரும்பியபோது அடுக்களை மேடையில் அடுப்பைக் காணவில்லை. மதியச் சோறு மண்ணெண்ணெய்த் திரி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. வலப்பக்கத் திருகு சற்று இறுகுவதுபோல் இருந்ததாம். பேரனிடம் கொடுத்துச் சந்துக்கு அனுப்பியிருக்கிறார். நம்மிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. மாலையில் அடுப்பு வந்தது. கிரீஸுக்கும் கூலிக்கும் ஆன தொகையை மட்டும் சொன்னார், எடுத்துக் கொடுத்தோம்.